திரும்பிய தெய்வங்கள் யாரிடம் திரும்பின? – ஸ்ருட்காட் லிண்டன் அருங்காட்சியகத்தை முன்வைத்து

(யேர்மனி வாழ் தமிழர் ஒன்றுகூடலொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஸ்ருட்காட் நகரில் ஹேகல் சதுக்கத்தில் நிற்கும் லிண்டன் அருங்காட்சியகம், பாடன்-வுற்றம்பேர்க் மாநிலத்துக்கும் ஸ்ருட்காட் மாநகருக்கும் பொதுவான நிறுவனம். ஐரோப்பாவுக்கு வெளியே வாழும் மக்களின் கலைப்பொருட்கள், தொல்பொருட்கள், புழங்குபொருட்கள் என ஏறத்தாழ 1,60,000 பொருட்கள் அங்கு சேர்ந்துள்ளன. அம்மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுள் பலர் பள்ளிச் சுற்றுலாவின்போது ஒருமுறையேனும் அதன் படிகளில் ஏறியிருக்கக்கூடும். அங்கும், அதையொத்த எந்த அருங்காட்சியகத்திலும், கண்ணாடிப் பேழைக்குக் கீழே ஒரு சிறு அட்டை இருக்கும். தெய்வத்தின் பெயர், நாடு, நூற்றாண்டு ஆகிய மூன்றும் அதில் எழுதப்பட்டிருக்கும். எந்த ஊர், எந்தக் கோயில், யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு மாறி இங்கு வந்தது என்பது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது.

அந்த அட்டையில் எழுதப்படாத பகுதியைப் பற்றியதே இவ்வுரை.

லிண்டன் அருங்காட்சியகத்தில் ஒரு துர்க்கை இருந்தாள். எருமைத்தலை அசுரனை வதைக்கும் மகிடாசுரமர்த்தினிக் கோலம். காசுமீரத்தில் பத்தாம் நூற்றாண்டளவில் செதுக்கப்பட்டவள். புல்வாமா மாவட்டத்துத் தெங்பொரா என்னும் ஊரிலிருந்து 1990களில் களவு போனவள். 2000ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் அவளை விலை கொடுத்து வாங்கியது. விலை சுமார் 2,22,000 அமெரிக்க டொலர் எனச் செய்திகள் கூறின. விற்றவர் நியூயோர்க் நகரில் 'ஆர்ட் ஒப் த பாஸ்ட்' என்னும் கலைக்கூடத்தை நடத்திவந்த சுபாசு கபூர். அந்தப் பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டுக் கோயில் நிலைமையை அறிந்தோர் நிமிர்ந்து உட்காருவர். காரணம் பின்னர் வரும்.

முதலில் அருங்காட்சியகத்தின் பிறப்பைச் சிறிது பார்த்துவிடுதல் நலம். 1882இல் ஸ்ருட்காட்டில் வணிகப் புவியியலுக்கான சங்கமொன்று தொடங்கப்பட்டது. யேர்மன் வணிகம் கடல்கடந்து விரியவேண்டும், அதற்கு ஆங்காங்குள்ள மக்களையும் பொருட்களையும் அறியவேண்டும் என்பது அதன் நோக்கம். அச்சங்கத்தின் சேகரிப்பைப் பெருக்கியவர் கார்ல் பொன் லிண்டன் பிரபு. படை அதிகாரிகள், குடியேற்ற நாட்டு அலுவலர்கள், வணிகர்கள் ஆகியோருக்குக் கடிதங்கள் எழுதிக் குவித்து, பொருட்களை அனுப்பத் தூண்டியவர் அவர். அனுப்பியவர்களுக்கு வுற்றம்பேர்க் அரசரின் பதக்கங்கள் கிடைக்க வழி செய்தார். 1910இல் அவர் காலமானார். மறு ஆண்டு அவர் பெயரில் இன்றைய கட்டடம் திறக்கப்பட்டது. 1973இல் அது அரசு அருங்காட்சியகமாயிற்று. இந்தப் பிறப்பு வரலாற்றை அருங்காட்சியகம் ஒளிக்கவில்லை. வுற்றம்பேர்க்குக்கும் குடியேற்றவாதத்துக்கும் இருந்த தொடர்பைக் காட்டும் கண்காட்சியொன்றை 2021இல் அதுவே நடத்தியது. குறை கூறும்போது இதனையும் சேர்த்துச் சொல்வதே நீதியாகும்.

ஆனால் துர்க்கை அந்தக் காலத்துச் சேகரிப்பல்ல. குடியேற்ற ஆட்சிகள் முடிந்து அரை நூற்றாண்டு கடந்தபின், மக்களின் வரிப்பணத்தில் வாங்கப்பட்டவள் அவள். பழைய பாவத்தைச் சுட்டிக்காட்டி அமைதியடைந்துவிட முடியாத இடம் இது.

2000ஆம் ஆண்டில் அந்த விற்பனை எவ்வாறு கூடிற்று? சட்டத்தின் நிலையை நோக்கினால் விடை கிடைக்கும். பண்பாட்டுப் பொருட்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்க யுனெஸ்கோ 1970இல் ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. இந்தியா 1977இலும் இலங்கை 1981இலும் அதில் இணைந்தன. யேர்மனி இணைந்ததோ 2007இல். பொருட்கள் வெளியேறும் நாடுகள் முந்திக்கொண்டன. பொருட்கள் வந்து சேரும் நாடுகளுள் சில முப்பது ஆண்டுகளுக்கு மேல் யோசித்துக்கொண்டிருந்தன. இந்தியாவில் தொல்பொருள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. அரசின் அனுமதியின்றி ஒரு பழஞ்சிலையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். ஆகவே வணிகர்களுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு தாள்: 'இச்சிலை அச்சட்டத்துக்கு முன்னரே இந்தியாவைவிட்டு வெளியேறியது' என்று சொல்லும் ஒரு தாள். கபூர் விற்ற பொருட்கள் பலவற்றுக்கு அத்தகைய தாள்கள் இருந்தன. தாளைப் படித்தவர்கள், அதிலுள்ள ஆட்கள் உண்மையில் அச்சிலையை வைத்திருந்தனரா என்று போய்க் கேட்கவில்லை.

இனித் தமிழ்நாட்டுக்கு வரவேண்டும். ஏனெனில் ஸ்ருட்காட் துர்க்கையின் கதையை அவிழ்த்தது காசுமீரத்துக் களவன்று. அரியலூர் மாவட்டத்துக் களவுகளே அதனை அவிழ்த்தன.

சுத்தமல்லி, ஸ்ரீபுரந்தான் என்று இரண்டு சிற்றூர்கள். சுத்தமல்லியில் வரதராசப் பெருமாள் கோயில். ஸ்ரீபுரந்தானில் பிரகதீசுவரர் கோயில். சோழர் காலத்தில் செழித்திருந்த ஊர்கள். இன்று வருவாயும் இல்லை, நாள்தோறும் பூசையும் இல்லை, காவலும் இல்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஐம்பொன் திருமேனிகள் மட்டும் இருந்தன. கொள்ளையர்கள் இந்தக் கோயில்களைத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று. சன்னதிக் கதவு ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாத கோயிலில் களவு நடந்தால், அது தெரியவருவதற்கும் ஆண்டுக்கணக்காகும். அப்படியே நடந்தது. ஸ்ரீபுரந்தான் திருமேனிகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற 2008இல் அதிகாரிகள் கதவைத் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்பது வெளிப்பட்டது. அவ்வாண்டிலேயே ஸ்ரீபுரந்தான் நடராசர், அவுஸ்திரேலியத் தலைநகர் கன்பராவிலுள்ள தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டிருந்தார்.

தமிழ்நாடு காவல்துறையின் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு இக்களவுகளைத் துருவிச் சென்றது. உள்ளூர்க் கொள்ளையரைப் பிடித்தது, சென்னை இடைத்தரகரைப் பிடித்தது, இறுதியில் நியூயோர்க் கலைக்கூடத்தின் வாசலுக்குச் சென்று நின்றது. பன்னாட்டுக் காவல்துறையின் சிவப்பு அறிவிப்பு வெளியாயிற்று. 2011 ஒக்டோபர் இறுதியில் பிராங்போட் வானூர்தி நிலையத்தில் யேர்மன் அதிகாரிகள் சுபாசு கபூரைக் கைது செய்தனர். 2012 யூலையில் அவர் தமிழ்நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டார். சுத்தமல்லிக் கோயிலில் 19 சிலைகள் களவாடப்பட்ட வழக்கில் 2022 நவம்பர் 1ஆம் நாள் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அமெரிக்காவிலும் அவருடைய கிடங்குகளிலிருந்து 2,600க்கு மேற்பட்ட பொருட்கள் கைப்பற்றப்பட்டன. பூசைக்கு ஆளில்லாத இரண்டு ஊர்களிலிருந்து தொடங்கிய வழக்கொன்று, உலகின் பெரிய கலைக்கூடங்களின் கணக்கேடுகளைத் திறக்கச் செய்தது. அவ்வாறு திறக்கப்பட்ட கணக்கேடுகளுள் ஒன்று ஸ்ருட்காட்டில் இருந்தது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. களவு போனதைச் சொல்வது எளிது. 'கன்பராவில் நிற்கும் இந்த நடராசர் ஸ்ரீபுரந்தான் நடராசரே' என்று மெய்ப்பிப்பது எளிதன்று. சோழர் காலத்து நடராசர்கள் பலர் உளர். திருவாசி, தூக்கிய திருவடி, முயலகன், விரிசடை எல்லாம் அனைவருக்கும் பொது. நீதிமன்றத்தில் 'எங்கள் சுவாமியை எங்களுக்குத் தெரியாதா' என்று ஊர்ப் பெரியவர் கண்ணீர் வடித்தால் இரக்கம் பிறக்கும், தீர்ப்புப் பிறக்காது. தீர்ப்பைப் பிறப்பித்தது ஒளிப்படம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுத்து வந்தது. இன்று அத்தொகுப்பு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டது. அங்கு 1994இல் எடுத்த ஸ்ரீபுரந்தான் நடராசரின் படம் இருந்தது. வார்ப்பின்போதே நேரும் சிறு குறைகள், தேய்மானங்கள், திருவாசியின் தீச்சுடர்களில் ஏற்பட்ட பழுதுகள் ஆகியவை மனிதரின் கைரேகை போன்றவை. இரு படங்களையும் அருகருகே வைத்தால் போதும். சிங்கப்பூரில் கப்பற்றுறையில் பணியாற்றியபடியே இந்த ஒப்பீட்டைத் தம் ஓய்வு நேரத்துப் பணியாகச் செய்துவந்த எஸ். விசயகுமார், அவரையொத்த ஆர்வலர்கள், சில வெளிநாட்டு ஊடகவியலாளர்கள் ஆகியோரின் உழைப்பு இதில் பெரிது. அரசு அலுவலகங்கள் தாமே விழித்தெழுந்து செய்தவை குறைவு என்பதை ஒளிக்கவேண்டியதில்லை.

2014 செப்ரெம்பரில் அவுஸ்திரேலியப் பிரதமர் ரொனி அபொட் புதுதில்லியில் அந்த நடராசரை இந்தியப் பிரதமரிடம் கையளித்தார். விருத்தாசலம் கோயிலிலிருந்து போய்ச் சிட்னியில் நின்ற அர்த்தநாரீசுவரரும் உடன் வந்தார். 2015 ஒக்டோபர் 5ஆம் நாள் யேர்மன் தலைமை அமைச்சர் அங்கேலா மேர்க்கெல் புதுதில்லியில் ஸ்ருட்காட் துர்க்கையைக் கையளித்தார். பாடன்-வுற்றம்பேர்க் மாநிலத்துக்கு அப்போது சிறப்பாக நன்றி தெரிவிக்கப்பட்டது. கைகுலுக்கல்கள், படக்கருவிகளின் ஒளி, நாளிதழ்களின் முதற்பக்கம். நல்லதே நடந்தது.

அதன்பின் யேர்மனியின் சட்டமும் மாறியது. 2016 ஓகஸ்ட் 6ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பண்பாட்டுப்பொருட் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தோன்றிய நாட்டின் ஏற்றுமதி அனுமதியின்றி எந்தத் தொல்பொருளையும் யேர்மனிக்குள் கொண்டுவர முடியாது. விற்பவரும் பொருள் வந்த வழியை விசாரித்தறியக் கடமைப்பட்டவர். இது பெரிய முன்னேற்றம். ஆயினும் சட்டத்தின் வாசகத்தைக் கூர்ந்து படிப்போர் இரண்டு வேலிகளைக் காண்பர். முதலாவது, காலம். 2007 ஏப்ரல் 26ஆம் நாளுக்குப் பின்னர் சட்டத்துக்கு மாறாக வெளியேறிய பொருட்களையே இச்சட்டத்தின் வழி உடன்படிக்கை நாடுகள் திரும்பக் கேட்கலாம். அதற்கு முன் போனவற்றுக்கு யேர்மனியின் பொதுவான குடியியற் சட்டமே வழி. அங்கோ உடைமையை மீட்கும் கோரிக்கை முப்பது ஆண்டுகளில் காலாவதியாகும். துர்க்கையே இன்றைய சட்டத்தின் இந்தப் பிரிவுக்குள் அடங்கியிருக்கமாட்டாள். அவள் திரும்பியது அரசியல் இணக்கத்தால்.

இரண்டாவது வேலி இன்னும் உயரமானது. இச்சட்டத்தின் வழி கேட்கக்கூடியவர் யார்? அரசு. கோயிலன்று, ஊரன்று, மக்களினமன்று. ஓர் அரசு இன்னோர் அரசிடம் கேட்கும். ஓர் அரசு இன்னோர் அரசிடம் கொடுக்கும்.

தமக்கென அரசில்லாத மக்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கவேண்டும். இது கற்பனை அச்சமன்று என்பதற்கு லிண்டன் அருங்காட்சியகமே சான்று தருகிறது.

தென்மேற்கு ஆபிரிக்காவில் இன்றைய நமீபியா யேர்மனியின் குடியேற்ற நாடாக இருந்தபோது, நாமா மக்களின் தலைவராக விளங்கியவர் ஹென்றிக் விற்பூய். 1893 ஏப்ரலில் ஹோர்ன்கிரான்ஸ் என்னும் அவரது குடியிருப்பை யேர்மன் படை தாக்கிப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது. அங்கு சூறையாடப்பட்டவற்றுள் விற்பூயின் விவிலிய நூலும் சவுக்கும் இருந்தன. 1902இல் அவை ஸ்ருட்காட் சேகரிப்பில் சேர்ந்தன. நூறாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தன. 2019 பெப்ரவரியில் பாடன்-வுற்றம்பேர்க் அரசு அவற்றை நமீபியாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் புறப்படும் நேரத்தில் ஒரு வழக்கு. தொடுத்தவர்கள் நாமா மக்களின் மரபுவழித் தலைவர்களின் சங்கத்தினர். 'இவை எம் தலைவனுடையவை. அரசிடம் கொடுக்காதீர், எம் மக்களிடம் கொடுங்கள்' என்பது அவர்களது வாதத்தின் சாரம். மாநிலத்தின் அரசியலமைப்பு நீதிமன்றம் அம்மனுவை ஏற்கவில்லை. அரசுக்கும் மக்களுக்கும் இடையிலான உரிமைப் பிணக்கு நமீபியாவிலேயே தீர்க்கப்படவேண்டியது என்றாயிற்று. விற்பூயின் ஊரான கிபியோனில் விழா நடந்தது. பொருட்களைப் பெற்றுக்கொண்டவர் நாட்டின் அதிபர்.

பெனின் வெண்கலங்களின் வரலாறு இதற்கு நேர்மாறாகத் திரும்பியது. 1897இல் பிரித்தானியப் படை சூறையாடிய அப்பொருட்களின் உரிமையை ஸ்ருட்காட் உள்ளிட்ட யேர்மன் அருங்காட்சியகங்கள் 2022இல் நைசீரியாவுக்கு மாற்றின. சில திங்களில், 2023இல், பதவி விலகும் தறுவாயிலிருந்த நைசீரிய அதிபர் அவற்றின் உரிமையாளர் பெனின் அரச மரபினரான ஓபாவே என்று ஆணையிட்டார். யேர்மனியில் சிலர் முகம் சுளித்தனர். 'பொது அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தோம், ஒரு குடும்பத்துக்குப் போகிறதே' என்றனர். களவாடப்பட்டது ஓபாவின் அரண்மனையிலிருந்துதான் என்பதை அவர்கள் அந்தக் கணத்தில் மறந்துபோயினர்.

இப்போது ஸ்ரீபுரந்தான் நடராசரிடம் மீளலாம். அவர் தில்லிக்கு வந்தார், தமிழ்நாட்டுக்கு வந்தார், கும்பகோணத்திலுள்ள திருமேனிப் பாதுகாப்பு மையத்தின் இரும்புக் கதவுக்குள் வைக்கப்பட்டார். சொந்த ஊரில் காவல் இல்லை என்பதே காரணம். அது பொய்க் காரணமும் அன்று. ஆயினும் கன்பராவில் நாள்தோறும் பலர் பார்த்தனர். பாதுகாப்பு மையத்திலோ எவரும் எளிதிற் பார்க்க இயலாது. பேழையிலிருந்து பெட்டகத்துக்குப் போவதை வீடு திரும்புதல் என்று சொல்லலாமா என்பது ஊர் மக்கள் கேட்கவேண்டிய கேள்வி. ஊருக்கு ஓர் இரவுக் காவலாளியும் எச்சரிக்கை மணியும் அமைத்துக் கொடுப்பதற்கு ஆகும் செலவு, அச்சிலை விற்ற விலையில் ஒரு துளியேயாகும்.

ஊருக்கும் கோயிலுக்கும் சட்டத்தின் முன் குரல் இருக்க முடியாதா? ஒரு முறை இருந்தது. அதுவும் இலண்டன் நீதிமன்றத்தில். தஞ்சைப் பகுதியில் பத்தூர் என்னும் ஊரில், பாழடைந்த விசுவநாதசுவாமி கோயிலை அடுத்து மண்ணுக்குள் புதைந்திருந்த நடராசரை 1976இல் ஒரு கூலித் தொழிலாளி கண்டெடுத்தார். கை மாறிக் கை மாறி இலண்டன் சென்ற அச்சிலையை, கனடாவின் பம்பர் என்னும் நிறுவனம் 1982இல் பொய்யான வரலாற்றுத் தாளை நம்பி வாங்கியது. செப்பனிடுவதற்காக அனுப்பியபோது இலண்டன் காவல்துறை அதனைக் கைப்பற்றியது. வழக்கில் இந்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் மட்டுமன்றி, கோயிலும் ஒரு வழக்காளியாக நின்றது. இந்தியச் சட்டத்தில் கோயிலும் தெய்வமும் உடைமை கொள்ளத்தக்க சட்ட ஆட்கள். அந்த நிலையை ஆங்கிலேய நீதிமன்றமும் மதிக்குமா என்பதே பெருங்கேள்வி. 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மதித்தது. கோயிலின் உரிமையை ஏற்றது. தொல்லியலறிஞர் இரா. நாகசாமி அவ்வழக்கில் அளித்த வல்லுநர் சான்று புகழ்பெற்றது. பூசை நின்று கூரை இடிந்த கோயிலும் தன் பொருளைக் கேட்கலாம் என்று ஒரு மேலைநாட்டு நீதிமன்றம் கூறியதை, இன்று அருங்காட்சியகங்களோடு பேசப்போகும் எவரும் கையில் வைத்திருக்கவேண்டும். அந்த நடராசரும் திருவாரூர்ப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார் என்பது இதன் கசப்பான பிற்சேர்க்கை.

ஈழத்தமிழர் நிலையை இவ்வளவும் சொன்னபின் விரித்துரைக்கத் தேவையில்லை. இலங்கையிலிருந்து வெளியேறிய ஒரு பொருளை உடன்படிக்கையின் வழி கேட்கக்கூடியது கொழும்பு அரசு. தொல்லியல் திணைக்களம் அவ்வரசின் கையில். வடக்கிலும் கிழக்கிலும் அத்திணைக்களத்தின் செயல்களைத் தமிழர் எவ்வளவு ஐயத்தோடு நோக்குகின்றனர் என்பதை இவ்வவை அறியும். அதைவிட ஆழமான இழப்பு, சான்றின் இழப்பு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதன் பின்னரான போர் ஆண்டுகளில் கோயில்கள் குண்டுவீச்சுக்கு இலக்காயின. மக்கள் ஒரே இரவில் ஊரோடு எழுந்து போயினர். கோயிலில் என்ன இருந்தது என்று எழுதிவைத்தவரும் போயினர், எழுதிய கொப்பியும் போயிற்று. நாளை ஐரோப்பிய ஏலக்கூடமொன்றில் வன்னிக் கோயிலின் வெண்கலம் ஒன்று தோன்றினால், அருகில் வைத்துப் பார்க்க எந்தப் படம் இருக்கிறது?

பதிவின் வலிமைக்கு ஈழத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழியொன்றை அகழ்ந்தபோது எழுத்துப் பொறித்த சிறு முத்திரையொன்று கிடைத்தது. அது கிடைத்த குழி, உடனிருந்த எலும்புக்கூடு, முத்திரையின் படம், வாசிப்பு எல்லாம் பொ. இரகுபதியின் நூல் வழியாக 1987இல் அச்சேறின. ஆகவேதான் அதன்பின் வந்த போரும் இடப்பெயர்வும் அந்தச் சான்றை ஆய்வுலகிலிருந்து அகற்ற முடியவில்லை. விரல் நுனியளவுப் பொருள். ஆனால் இடமும் சூழலும் எழுதப்பட்ட பொருள்.

இடமும் சூழலும் இழந்த பொருளுக்கு யேர்மனியிலேயே ஒரு தமிழ்ச் சான்று இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணியின் தென்கரையில், 114 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டை முதன்முதலில் தோண்டியவர் பேர்லினைச் சேர்ந்த பெடோர் யாகோர். ஆண்டு 1876. ஐம்பதுக்கு மேற்பட்ட வகைச் சுட்ட மட்கலங்கள், இரும்பு வாள்கள், கோடரிகள், பெருமளவு எலும்புகளும் மண்டையோடுகளும் கிடைத்தன என்று அக்காலக் குறிப்பு கூறுகிறது. கண்டெடுத்தவை பேர்லின் அருங்காட்சியகத்துக்குப் போயின. இதனைக் களவு என்று சொல்ல இயலாது. மாவட்ட ஆட்சியர் உடனிருந்தார். தடுக்கும் சட்டமும் அன்று இல்லை. ஆனால் எந்தத் தாழி எந்த ஆழத்தில், எதன் அருகில் இருந்தது என்ற செய்தி இல்லாமற்போனால் பானை வெறும் பானையாகிவிடுகிறது. இருபதாண்டுகளுக்குப் பின் அலெக்சாந்தர் ரீ அங்கு அகழ்ந்து, பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கலக் கலங்களையும் பட்டியலிட்டுச் சென்னை அருங்காட்சியகத்தில் வைத்தார். 2004–05இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. அதன் மாதிரிகள் காலக்கணிப்புக்கு அனுப்பப்படாமல் கிடந்தன. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாகவே ஆய்வுக்குச் சென்றன. கி.மு. 905, கி.மு. 696 என்ற காலங்கள் 2019இல் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டன. 2023 ஓகஸ்டில் ஆதிச்சநல்லூரிலேயே களத்தில் கண்ணாடித் தளத்தின் கீழ் தாழிகளைப் பார்க்கும் காட்சியிடமும் அமைந்தது.

அங்கு நின்று பார்க்கும் ஊர்ப் பிள்ளைக்கு, முதலில் வெளிவந்த தாழிகள் பேர்லினில் என்ற செய்தி சொல்லப்படவேண்டும். பேர்லினில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு அவை எங்கிருந்து வந்தன என்பது சொல்லப்படவேண்டும். மனித எலும்புகளைப் பொறுத்தவரை கேள்வி இன்னும் கூர்மையானது. அவை கலைப்பொருளல்ல, ஈமச் சடங்கோடு புதைக்கப்பட்ட முன்னோர். குடியேற்றக் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மண்டையோடுகளை யேர்மன் நிறுவனங்கள் திருப்பிக் கொடுத்துவருகின்றன. ஆதிச்சநல்லூரின் பெயரை அந்த உரையாடலில் எழுப்ப வேண்டியவர்கள் தமிழர்களே. வேறு எவரும் எழுப்பப் போவதில்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. யேர்மனியின் மாநிலங்களும் நடுவண் அரசும் நகராட்சிகளும் இணைந்து, குடியேற்றச் சூழலிலிருந்து வந்த சேகரிப்புகளுக்கான தொடர்பு நிலையமொன்றை 2020இல் பேர்லினில் நிறுவின. தனியாளும் அமைப்பும் அதற்கு எழுதலாம். பேர்லின் அருங்காட்சியகங்களின் பொருட்பட்டியலில் ஒரு பகுதி இணையத்தில் உள்ளது. ஊர்ப்பெயர்களைப் பழைய ஐரோப்பிய எழுத்துக்கூட்டல்களில் தேடத் தெரிந்தால் போதும். 'மலபார்' என்று எழுதப்பட்டிருப்பது பலவேளைகளில் தமிழைக் குறிக்கும் என்பது யேர்மன் கண்காணிப்பாளருக்குத் தெரியாதிருக்கலாம், தமிழருக்குத் தெரியும். ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்துக்குச் செல்லும் பிள்ளைகள், நீராட்டி உடுத்தி எழுந்தருளும் அம்மனையும் பேழைக்குள் நிற்கும் அம்மனையும் ஒரே கிழமையில் காண்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்று அவர்கள் யேர்மன் மொழியில் கேட்டால் அருங்காட்சியகம் விடை சொல்லியே ஆகவேண்டும். எழுதும் கடிதத்தில் சினம் வேண்டா. பொருளின் பதிவெண், சேர்ந்த ஆண்டு, கொடுத்தவர் அல்லது விற்றவர், அதற்கு முன் எவரிடம் இருந்தது, ஏற்றுமதி அனுமதி உண்டா ஆகிய ஐந்து கேள்விகள் போதும்.

தாயகத்தில் செய்யவேண்டியதும் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் கோயில் திருவிழாவைக் காணொளி எடுக்கிறார்கள். அலங்காரத்தில் மூழ்கிய அந்தப் படம் அடையாளத்துக்கு உதவாது. அருச்சகரின் இசைவோடு, அலங்காரம் களைந்த நேரத்தில், முன்புறம், பின்புறம், இரு பக்கங்கள், பீடம், பீடத்திலுள்ள எழுத்து, பழுதுகள் ஆகியவற்றைத் தனித்தனியே எடுக்கவேண்டும். அளவுகோலொன்றை அருகில் வைக்கவேண்டும். உயரமும் நாளும் குறிக்கப்படவேண்டும். மூன்று படிகள் எடுத்து ஒன்றைக் கோயிலிலும், ஒன்றைப் பல்கலைக்கழகத்திலும், ஒன்றைப் புலம்பெயர் நாட்டிலும் வைப்பது நன்று. ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணம் கற்பித்திருக்கிறது. இன்னொன்று: காவலில்லாத கோயிலின் படங்களை ஊர்ப்பெயரோடு முகநூலில் ஏற்றிவிடவேண்டா. அவற்றைப் பார்ப்பவர்கள் எல்லோரும் பக்தர்களல்லர்.